மூக்குக்குத் தெரியாத வாசனை

அத்தியாயம் பதினான்கு

"உவ்வே! என்ன இது, சாக்கடைய அடைச்ச தலைமுடி மாதிரி!"

பாத்ரூம் வாசலைத் தாண்டி ஓர் அடி வைக்க அண்ணிக்குக் கால் வரவில்லை. உள்ளே நீல பக்கெட்டில் கிடந்தவை, இன்று காலை வரை ஹாலில் இருக்கும், தண்ணீருக்குள் செடி வளர்க்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியில் மாட்டியிருந்த சாமான்கள். வளைந்த கண்ணாடிக் குழாய் இரண்டு, கட்டைவிரல் பருமனில் ரப்பர் குழாய் இரண்டு, குமிழி விடும் சின்ன வில்லை ஒன்று. கண்ணாடி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எல்லாவற்றிலும் பச்சையும் கறுப்புமாக முடி வளர்ந்திருந்தது. அந்த முடி தண்ணீரில் லேசாக ஆடியது. ஆடியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பாசி அண்ணி," என்றான் கொழுந்தன், வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "பச்சையா நீளமா இருக்கே, அது முடிப்பாசி. கறுப்பா குட்டையா இருக்கறது தாடிப்பாசி."

"முடி, தாடி எல்லாம் நீ வளப்பே. செரைக்க மட்டும் நான் வரணும்!"

"நீங்கதானே நானே கழுவித் தரேன்னு சொன்னீங்க?"

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வாரம் இந்த வீட்டில் கதவைச் சாத்திய சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கலாம். கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு காலை, தொட்டியில் இருந்த நாற்பது சிவப்பு இறாலும் செத்து அடியில் கிடந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவுதான். ஆனால் கொழுந்தன் அவற்றை இரண்டு வருஷமாகப் பெருக்கியவன். முதல் நாள் சாயங்காலம் அண்ணன் கையில் கரப்பான்பூச்சி மருந்து டப்பாவைப் பார்த்திருந்தான். அவ்வளவுதான். மாடிப்படியில் நின்று, நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று கத்தினான். அண்ணன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. டிப்போவில் பஸ் பிரித்து மாட்டுகிறவர். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. கொழுந்தன் பக்கம் சேர்ந்துகொண்டு, "மருந்து அடிச்ச கையால என்னைத் தொடாதீங்க, குமட்டுது" என்று புருஷனிடம் சொன்னாள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

இன்று ஐந்து மணிக்கு வேன் வருகிறது. கொழுந்தன் தொட்டியோடு கிளம்புகிறான், மீன் கடை வைத்திருக்கும் நண்பனின் மாடி அறைக்கு. நண்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். பாசி ஒட்டிய ஒரு சாமானும் கடைக்குள் வரக்கூடாது, ஒரு துணுக்கு வந்தாலும் அவனுடைய அத்தனை தொட்டியிலும் பற்றிக்கொள்ளும். கழுவ வேண்டியவனுக்கோ வலது உள்ளங்கையில் ஏழு தையல் போட்ட காயம். மூன்று வாரத்துக்கு முன், காலியாகக் கிடந்த வேறொரு பழைய தொட்டி உடைந்து கிழித்தது. காயம் முழுதாக ஆறும்வரை தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கையில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கழுவ ஆளில்லாத இந்த மூன்று வாரத்தில்தான் பாசி இத்தனை ஆட்டம் போட்டது.

ஆகவே அண்ணி. அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

அழுக்கு அவளுக்குப் புதிதில்லை. பல் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம். நோயாளியின் வாயிலிருந்து எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சும் குழாய்களைக் கழுவுவது அவள் வேலை. அவள் கழுவி வைத்த தட்டு என்றால் பெரிய டாக்டரே கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவார். கல்யாணமாகி வந்த முதல் மாதமே, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கொழுந்தன் அவளுக்குப் 'பினாயில்' என்று பேர் வைத்துவிட்டான். பதிலுக்கு அவள் பிற்பாடு அவனுக்கு வைத்தது 'தொட்டி.'

"எச்சிலையே கழுவறீங்க, இதுக்குப் போய் மூஞ்சியச் சுளிக்கிறீங்களே."

"எச்சில்னா யாரோடதுன்னு தெரியும். சீட்டுல பேர் இருக்கும். இது யாரோடதுடா? கேக்க நாதியில்லாம தானா வளருது!"

ஜன்னலைத் திறந்தாள். முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டாள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாசனைப் பொருள் எதுவும் சேர்க்காத ப்ளீச்சை ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் என்று அளந்து ஊற்றினாள்.

"சோப்புத் தூள் எதுவும் போட்டுடாதீங்க அண்ணி. வினிகர் பாட்டில் பக்கத்துலயே வரக்கூடாது. ரெண்டும் கலந்தா..."

"விஷப்புகை. எங்க ரூம் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. எனக்கே பாடம் எடுக்கறியா?"

"தொட்டியோட ஹீட்டர்?"

"காலைலயே கரண்ட்ட எடுத்து ஆறவச்சு, அடுப்படியில தனிக் கிண்ணத்துல வச்சிருக்கேன். அதுல படிஞ்ச உப்புக்குத்தான் வினிகர். இங்க இல்ல, அங்க. போதுமா?"

சாமான்கள் ப்ளீச்சில் மூழ்கின. ஒரு மணி நேரத்தில் கறுப்புத் தாடி சிவந்து, பிறகு வெளுத்தது. பச்சை முடி வெந்த நூல் மாதிரி தளர்ந்து தொங்கியது. உயிரோடு இருந்தபோதே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பக்கெட் ஓரத்தில் கஞ்சி நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. அதற்குள் நத்தை முட்டைகள், ஜவ்வு ஜவ்வாக.

நீளக் கம்பியில் பிரஷ் வைத்த குச்சியைத் தொட்டி நீட்டினான். "இதை உள்ள விட்டு இழுங்க. மெதுவா."

மெதுவாகச் செய்வது அவள் வழக்கமில்லை. முதல் ரப்பர் குழாயில் பிரஷ்ஷைச் செருகி ஒரு தள்ளு தள்ளினாள். மறுமுனையிலிருந்து கறுப்பாக ஒரு கட்டி பீறிட்டு வந்து அவள் கன்னத்தில் சப்பென்று அப்பியது. குளிர்ச்சியாக, வழவழவென்று, மெல்லக் கழுத்தை நோக்கி இறங்கியது.

அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"வாயத் தொறக்காதீங்க அண்ணி! வாயத் தொறக்காதீங்க! கண்ணுல பட்டுச்சா?"

கன்னத்தை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். தோலை உரித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஸ்டூலில் தொட்டி சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோயிருந்தான். ஒன்பது நாளில் அவன் சிரித்து அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ரப்பர் குழாயில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. ஒன்றும் வரவில்லை.

"இது மட்டும் எப்படி உள்ள இவ்வளவு சுத்தமா இருக்கு?" தொட்டி எட்டிப் பார்த்தான். "ஃபில்டர்லேர்ந்து தொட்டிக்கு வெளிவர்ற தண்ணிதானே, வடிகட்டின தண்ணி, அதான் போல." அவனே கேள்வி கேட்டு அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

எல்லாவற்றையும் குழாயடியில் பிடித்து அலசினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். தூக்கி மோந்து பார்த்தாள்.

"ம், போச்சு. வாசனையே இல்ல."

"குடுங்க பாப்போம்." கையில் படாமல், அவள் பிடித்திருந்த குழாய் முனைக்கு மூக்கைக் கொண்டுவந்தவன் சட்டென்று பின்னால் சாய்ந்தான். "அண்ணி! மூக்கு எரியுது. இதையா வாசனை இல்லேங்கறீங்க?"

"எங்கடா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"பதினோரு வருஷமா அதுக்குள்ளயே இருக்கீங்கள்ல, மூக்கு மரத்துப்போச்சு." சாதாரணமாகத்தான் சொன்னான். "கண்ணாடின்னா அலசினா போயிடும். ரப்பர் அப்படியில்ல, ப்ளீச்ச குடிச்சு உள்ள வச்சுக்கும். குளோரின முறிக்கிற சொட்டு மருந்து போட்ட தண்ணில அரைமணி ஊறணும். அப்படியே கொண்டுபோய் மாட்டினா கதை முடிஞ்சுது. இறாலுக்கெல்லாம் சுவடு பட்டாலே போதும், ராத்திரிக்குள்ள அத்தனையும் க்ளோஸ்."

அண்ணியின் கையிலிருந்து அந்த இரண்டாவது ரப்பர் குழாய் நழுவித் தரையில் விழுந்தது.

அந்த மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இறால் செத்த காலைக்கு முந்தின நாள் மத்தியானம்.

வீட்டில் யாருமில்லை. தொட்டிக்குப் பின்னால் பெருக்கக் குனிந்தவள், இதே குழாயின் மூட்டில் வழிந்திருந்த வழவழப்பில் கையை வைத்துவிட்டாள். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆஸ்பத்திரிக் குழாயைக் கழற்றுவது போலவே பிடியைத் திருகி, தண்ணீரை அடைத்து, குழாயைக் கழற்றினாள். தண்ணீர் கலக்காமல் ப்ளீச்சை அப்படியே உள்ளே ஊற்றி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக் கால்மணி நேரம் வைத்திருந்தாள். இரண்டு தரம் அலசினாள். மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. மாட்டிவிட்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "என் சாமானத் தொடாதீங்க" என்று தொட்டி குதிப்பான். அன்று சாயங்காலம் முழுக்க, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி அவளுக்கு. மறுநாள் காலை நாற்பது இறாலையும் பழைய பேப்பரில் மடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் போட்டவளும் அவள்தான்.

"என்ன அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? குமட்டுதா?"

"ம்."

"வேணும்னா விட்டுடுங்க."

"வேண்டாம். செய்யறேன்."

கண்ணாடிக் குழாய்களையும் முதல் ரப்பர் குழாயையும் வேறு வாளியில், சொட்டு மருந்து விட்ட தண்ணீரில் போட்டாள். தரையில் கிடந்ததை மட்டும் எடுக்கவில்லை. குனிந்தாள், கை அதனிடம் போக மறுத்தது, நிமிர்ந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தது. ஆனால் கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. மணி நாலு. ஐந்துக்கு வேன். இவன் போய்விடுவான். பழி ஏற்கெனவே ஒருத்தர் தலையில் ஏறிவிட்டது, அவரும் மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் முடிந்தது.

அந்த நினைப்பைத் தன் மண்டைக்குள் பார்த்தபோது, கன்னத்தில் அப்பிய கறுப்புக் கட்டிகூட அத்தனை அசிங்கமாக இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

"இனி ஃபில்டர்," என்றான் தொட்டி. "இதுக்கு ப்ளீச் வேண்டாம், குழாய்த் தண்ணியும் வேண்டாம். ஸ்பாஞ்சுல நல்ல கிருமி இருக்கும், அதுதான் தண்ணிய சுத்தம் பண்றது. கேன்ல புடிச்சு வச்ச தொட்டித் தண்ணில லேசா பிழிஞ்சா போதும். கையுறைல ப்ளீச் இருக்கு, கழட்டிடுங்க."

"வெறும் கையாலயா?"

"கைய நல்லா கழுவிட்டு."

பின்பக்க பால்கனியில் ஃபில்டர் டப்பாவை வைத்து மூடியின் பிடிகளைத் திறந்தாள். நாற்றம் முதலில் வந்தது. பல நாள் தேங்கின குட்டையைக் கிளறிய நாற்றம். உள்ளே ஸ்பாஞ்சு தெரியவில்லை. காப்பி நிறத்தில் சேறு, சேற்றுக்குள் அழுகின இலை, இலைக்கடியில் நத்தை ஓடு. கையை விட்டாள். விரலிடுக்கில் அது பிதுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தாள்.

மிச்சமிருந்த சேற்றைச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்க்க டப்பாவைச் சாய்த்தாள். பழுப்புக்கு நடுவே சிவப்பாக ஏதோ துள்ளியது.

"ஏ தொட்டி! புழுடா! புழு!"

"கொட்டாதீங்க! கொட்டாதீங்க அண்ணி!"

அவன் ஓடிவந்து முட்டி போட்டுக் குனிந்தான். புழு இல்லை. இறால். பிசிறு பிசிறாகக் கால்கள், சேறு பூசிய சிவப்பு உடம்பு, இரண்டு மிளகுக் கண்கள். மற்றவை சாவதற்குச் சற்று முன்புதான், குழாயின் சல்லடை விலகிய இடுக்கு வழியே உள்ளே போயிருக்க வேண்டும். சமையலறையிலிருந்து அவளே ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை ஊற்றி, அதில் விட்டாள். தான் தண்ணீர் குடிக்கிற தம்ளர் என்பது பிறகுதான் உறைத்தது.

"அண்ணி, வயித்துக்குக் கீழ பாருங்க. மஞ்சளா பொட்டுப் பொட்டா. முட்டை! இருபது இருக்கும்!" அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "சேத்துக்குள்ள இருந்துக்கிட்டுத் தப்பிச்சிருக்கு பாருங்களேன்."

பிறகு அவன் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"ஆனா எப்படித் தப்பிச்சுது?"

"எனக்கென்ன தெரியும்?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"கரப்பான் மருந்து தண்ணில கலந்திருந்தா ஃபில்டருக்குள்ளயும்தான் போயிருக்கும். இறாலுக்கு அது எமன். இதுவும் போயிருக்கணும்." தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அழுக்குல பட்டா வீரியம் போற விஷம் ஒண்ணுதான். குளோரின். வெளில தொட்டியில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு, சேத்துக்குள்ள இருந்தது மட்டும்..."

வாசல் கதவு திறந்தது. வந்தது அவள் புருஷன். கையில் கிரீஸ், சட்டையில் கிரீஸ். தம்பி கிளம்புமுன் வந்துவிட வேண்டும் என்று சீக்கிரமே வந்திருந்தார் போலிருக்கிறது. கூடத்தில் நின்றபடியே பால்கனியில் நடந்த பேச்சைக் கேட்டிருக்கிறார். ஒரு தரம் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

தம்பி திரும்பிப் பார்த்தான். ஒன்பது நாளாக இந்தக் குரலை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு மருந்து அடிக்கல. அந்தக் குழாயத்தான் கழுவினேன். ப்ளீச் ஊத்தி. சரியா அலசல போல."

"நீயா? நீ குடிச்ச தம்ளரையே நீ கழுவினதில்ல!"

"அன்னிக்குக் கழுவினேன்."

குளோரின் என்றுதான் தொட்டி சொன்னான். குழாயைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது.

"பொய் சொல்றார்," என்றாள். "நான்தான் கழுவினேன். அவருக்கு அந்தக் குழாய எப்படிக் கழட்டணும்னே தெரியாது. நான்தான் தண்ணி கலக்காத ப்ளீச்ச ஊத்திக் கழுவி மாட்டினேன். நல்லா அலசினேன்னு நெனச்சேன். எனக்கு வாசனை தெரியலடா. இப்ப நீ சொன்னப்பதான் புரிஞ்சுது. சத்தியமா இப்பதான்."

தம்ளருக்குள் இறால் கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷனிடம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு மாடிப்படி ஏறும்போதே வாசனை அடிச்சுது. உள்ள வந்தா தொட்டிக்குப் பின்னால ஈரம். காலைல அதெல்லாம் செத்துக் கெடந்ததும் புரிஞ்சுபோச்சு."

"அப்ப கைல மருந்து டப்பா?"

"அது காலி. ஆறு மாசமா காலி. குப்பைல போட எடுத்தேன்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தார், துடைத்ததும் துடைத்த இடத்தைப் பார்த்து விழித்தார். "பதினோரு வருஷமா நீ கழுவினதுல ஒரு குத்தம்னு எவனும் சொன்னதில்ல. அதுல உனக்கு ஒரு பெருமை. அதைப் போய் நான் ஒடைக்கணுமா?"

அவள் நெகிழ்ந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நெகிழ்ந்திருப்பார்கள். அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. ஒன்பது நாள் இவர் தட்டைத் தள்ளி வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். இவர் அதையும் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துக் கை கழுவியிருக்கிறார். தன் மேலேயே அவளுக்கு அத்தனை அருவருப்பு இதுவரை வந்ததில்லை. அந்த அருவருப்பில் ஒரு பங்கு அவர் மேலும் விழுந்தது.

"நல்ல மனுஷன்னு பேர் வாங்க என்னை அசிங்கம் பண்ணிட்டீங்க," என்றாள்.

"அண்ணிய விடு," என்றான் தொட்டி. பேச்சு அண்ணனிடம். "அவங்க தெரியாம பண்ணிட்டாங்க. நீ தெரிஞ்சு பண்ணிருக்கே. நாலு வீடு பாக்க 'நீ எனக்கு அண்ணனே இல்ல'ன்னு சொல்ல வச்சிட்டே. ஒரு வார்த்தை, 'நான் அடிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா? இப்ப என்னை நெனச்சா எனக்கே சீன்னு இருக்கு. அந்தப் படியில நான் இனி எப்படி ஏறி எறங்கறது?"

"அது கோவத்துல சொன்னதுதானேடா..."

கீழே ஹாரன் அடித்தது. ஐந்து மணி வேன், ஐந்துக்கே வந்துவிட்டது.

தொட்டி எழுந்து உள்ளே போனான். இரண்டு துணிப்பைகளோடு வந்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தொட்டி இல்ல! பை மட்டும்தான்! தூக்க ஆள் மேல வர வேண்டாம்!" என்று டிரைவரிடம் கத்தினான்.

"என்னது?" என்றாள் அண்ணி.

"முட்டையோட இருக்கு. இந்த நேரத்துல வண்டில குலுங்கினா அத்தனையும் உதுத்துடும். பொரிக்க இன்னும் ரெண்டு வாரமாவது ஆகும். தொட்டி இங்கயே இருக்கட்டும்."

"யார் பாத்துப்பா?"

"நீங்க."

"நானா? நானாடா? இந்தக் கருமத்தையா?"

"நீங்கதான் அண்ணி." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தைத்தது. "கேன்ல இருக்கற தண்ணிய திருப்பி ஊத்துங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள குழாய் மாட்டி ஃபில்டர் ஓடணும், அதுக்கு மேல நின்னா ஸ்பாஞ்சுல நல்ல கிருமி செத்துடும். அப்புறம் இதுவும் தாங்காது. மாட்டறதுக்கு முன்னாடி வாசனை பாருங்க." ஒரு கணம் நின்றான். "உங்க மூக்கு வேண்டாம்."

"அப்ப நீயும் இரு," என்றார் அண்ணன்.

"இப்ப முடியாதுண்ணா."

ஒன்பது நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை. அவர் ஒரு பையை வாங்க எட்டினார். தம்பி கொடுக்கவில்லை, பிடியை மட்டும் தளர்த்தினான். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கும் சத்தம் கேட்டது. எத்தனை கதவுகள் திறந்து எட்டிப் பார்த்தன என்று அண்ணி எண்ணிக்கொண்டாள். மூன்று.

பிறகு பாத்ரூமுக்குப் போனாள். அந்த ரப்பர் குழாய் தரையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. எடுத்தாள். சொட்டு மருந்து கலந்த வாளியில் முக்கி, உள்ளே காற்று நிற்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீர் புகவிட்டாள். கேன்களைத் தூக்கித் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள். வேரோடு கிளம்பிய செடி ஒன்றை வெறும் கையாலேயே அமுக்கி நட்டாள். முழங்கை வரை ஜவ்வாக ஒட்டியது. உடம்பு சிலிர்த்துப் பல்லைக் கடித்தாள், கையை எடுக்கவில்லை.

வேன் போன சத்தம் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் அவர் மேலே வந்தார். என்ன பேசினார்கள், பேசினார்களா என்று அவள் கேட்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அரைமணி ஆகியிருந்தது. குழாயை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உதறிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"என்னங்க, இத மோந்து பாருங்க."

அவர் தயங்கினார். இந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாள்முதல் உப்பு கம்மி என்று சொன்னதில்லை, உறைப்பு அதிகம் என்று சொன்னதில்லை. அவள் எதை நீட்டினாலும் நல்லாயிருக்கு என்பவர். தண்ணீர் குடிக்கிற தம்ளரை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே முட்டைகளைக் கால்களால் விசிறிக்கொண்டு அது நின்றது.

"எனக்கோசரம் பொய் சொன்னீங்கன்னா, இது செத்துடும். வாசனை இருக்கா?"

அவர் குனிந்து மோந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். மறுபடி குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக மோந்தார்.

"இருக்கு," என்றார்.

அவள் கழுவியதில் அவர் சொன்ன முதல் குற்றம் அது. அவள் குழாயைத் திரும்பவும் வாளியில் இறக்கி, இன்னும் நாலு சொட்டு மருந்து விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.